பாவாயி குட்டையில் மீன் செத்த கதை

ஒரு குட்டையிலிருந்த மீனெல்லாம் செத்ததற்கு மூன்று பேர் "நான்தான் காரணம்" என்று போட்டி போட்டதைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? எங்கள் ஊரில் நடந்தது. அந்த மூவரில் நானும் ஒருவன். கதையைச் சொல்கிறேன், தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

என் சோளக்காடு மேட்டுச் சரிவில் இருக்கிறது. அதன் கீழே பாவாயியின் மீன் குட்டை. கட்லாவும் ரோகுவும் வளர்த்தாள். அடுத்த மாதம் வலை போட்டால்தான் மகளை நர்சிங் படிப்பில் சேர்க்க முடியும் என்பது ஊருக்கே தெரியும்.

கோழிப்பண்ணையிலிருந்து நான்கு லோடு எரு வாங்கி, காட்டோரத்தில் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தேன். எரு இறைத்தால் அன்றைக்கே உழுது மண்ணுக்குள் புதைத்துவிடுவது எங்கள் வழக்கம். என் மச்சான் பொங்கியண்ணன், "பத்து மணிக்கு டிராக்டரோட வந்துர்றேன் மாமா" என்று வாக்குக் கொடுத்தான். சாயங்காலம் மழை என்று டி.வி.யில் சொன்னார்கள். காலையிலேயே ஆள் வைத்து எருவை இறைத்துவிட்டேன். மச்சானோ வேறொருவர் காட்டுக்கு உழப் போய்விட்டான், பாவி.

நாலு மணிக்கு மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. கீழ் வரப்பில் புல் அடர்த்தியாக நின்றிருந்தால் கொஞ்சமாவது தடுத்திருக்கும். அதை என் மனைவி அத்தாயி முந்தின வாரம்தான் ஆட்டுக்கு ஒட்ட அறுத்திருந்தாள். எருவின் சத்தெல்லாம் கரைந்து குட்டையில் இறங்கியது. ஒரு வாரத்தில் தண்ணீர் பச்சைப் பசேலென்று பாசி பிடித்தது. அப்புறம் ஒரு விடியலில், தண்ணீரில் மூச்சுக்குக் காற்றில்லாமல் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. மதியத்துக்குள் எல்லாம் செத்து மிதந்தன.

மூவரும் பாவாயி வீட்டுக்குப் போனோம்.

"சொன்ன நேரத்துக்கு நான் வரலைங்க்கா. என் தப்பு" என்றான் பொங்கியண்ணன்.

"புல்லை அறுத்தவ நானு" என்று அத்தாயி அழுதாள்.

"எரு என்னுது பாவாயி" என்றேன் நான்.

அவள் எங்களுக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். மகள் வெளியே வரவேயில்லை. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

சொல்லுங்கள், இந்த மூவரில் பெரிய குற்றவாளி யார்?

விடை: நான்தான். டிராக்டர் கண்ணில் படும்வரை எரு மூடியே கிடந்திருந்தால், மச்சான் வராததாலும் புல் இல்லாததாலும் ஒன்றும் ஆகியிருக்காது. மழை வருகிறது என்று தெரிந்தேதான் இறைத்தேன். நனைந்தால் சத்து தானாக மண்ணில் இறங்கிவிடும், உழவு ஒருநாள் தள்ளிப்போனாலும் பரவாயில்லை என்று கணக்குப் போட்டேன். பாவாயியிடம் அதை மட்டும் நான் சொல்லவில்லை. விடை தெரிந்துகொண்டே உங்களைக் கேட்டதும், யாராவது ஒருவர் மச்சான் பெயரைச் சொல்லிவிட மாட்டீர்களா என்ற நப்பாசையில்தான்.