மந்திக்குளம் நடத்திய உலகப் போட்டி

நாற்பது நாட்டு விளையாட்டுப் போட்டியை மந்திக்குளத்தில் நடத்தலாம் என்று கையெழுத்துப் போட்ட மகராசா, நீ எங்கே ஒளிந்திருந்தாலும் இந்தப் பாவமெல்லாம் உன்னைத்தான் சேரும். நம் மந்திக்குளத்தாரைச் சொல்லிக் குற்றமில்லை. சொன்னதை அப்படியே செய்கிறவர்கள். அதுதான் அவர்களிடம் உள்ள கோளாறு.

பொறுப்பெடுத்தவர் பந்தல்காரர் கொம்பையா. பள்ளிக்கூடத்தோடு சண்டை போட்டு வெளியேறி, அடிபட்டு உதைபட்டு ஆளானவர். மூக்குக்கு மேல் கோபம். பேரம் பேசாமல் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். போட்டி ஒழுங்காக முடிந்தால் ஊர் ஆற்றுக்குப் பாலம் என்று மேலிடத்து அதிகாரி பார்கவியிடம் பேசி வாங்கியிருந்தார். மழை வந்தால் மந்திக்குளம் தீவு. பிரசவ வலி கண்ட மகளை அண்டாவில் உட்கார வைத்து அக்கரை சேர்த்தவர் அவர்.

"மாரத்தான் நாற்பத்திரண்டு கிலோமீட்டர்," என்றார் பார்கவி.

"வாய்க்கு வந்த வெலயச் சொல்லுதீகளே! இருவது."

"உலகம் பூரா ஒரே கணக்குங்க."

"நாப்பது நாட்டுக்கும் மொத்தமா நம்மகிட்டதான எடுக்கீக? முப்பது. அதுக்கு மேல கட்டாது."

அந்த அம்மாள் தலையில் கை வைத்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். முப்பதாவது கிலோமீட்டரில் எல்லோரையும் மடக்கி, மாலை போட்டு, பஸ் ஏற்றிவிட்டார்கள். ஓட்டம் வந்து முடியவேண்டிய அரங்கத்தில் கூட்டம் பொழுது சாயும்வரை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

நீச்சல் குளம் விளிம்புவரை நிறைந்திருக்க வேண்டும் என்பது அடுத்த உத்தரவு. வீரர்கள் குதித்தார்கள். தண்ணீர் வழிந்தது. கொம்பையாவின் வலது கையான உச்சிமாகாளி பதறிப்போய் எல்லோரையும் கரையேற்றினார்.

"அண்ணாச்சி, எறங்குனா வழியுது, ஏறுனா கொறையுது. என்ன செய்ய?"

கொம்பையா வெகுநேரம் யோசித்தார். "எறங்குனாத்தானல வம்பு? கரையிலயே நீந்தச் சொல்லு. பாய விரிச்சுக் குடு, பாவம்."

தடை ஓட்டத்தைப் பார்த்ததும் கொம்பையாவுக்கு ரத்தம் கொதித்தது. "விருந்தாளி வார பாதையில கட்டையப் போடுறது எந்த ஊரு மரியாத? எடுங்கல!"

உச்சிமாகாளி முன்னால் ஓடி ஓடித் தடைகளைத் தூக்கினார். கடைசித் தடையைத் தோளில் வைத்தபடி முடிவுக் கோட்டையும் முதலில் தாண்டிவிட்டார். தங்கம் அவருக்கே. கழுத்தில் பதக்கம் விழும்வரை தடையை இறக்கவில்லை.

கடைசி நாள். கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போயிருந்த பார்கவி கிசுகிசுத்தார்: "முதல் நாள் அரங்கத்துல ஏத்தின தீயை நீங்க அணைச்சாத்தான் போட்டி முடிஞ்சதா அர்த்தம். மறுநாளே பாலத்துக்கு அஸ்திவாரம்."

ஊரே காதைப் பொத்தியது.

"எரியுத வெளக்க அணைச்சா குடும்பம் வெளங்குமா அண்ணாச்சி?" என்றார் உச்சிமாகாளி.

"நான் மாட்டேன். பேரன் பேத்தி எடுத்தவன்," என்றார் கொம்பையா.

"எண்ணெய் தீந்தா தானா குளிரும்லா?"

"தீர விடுவனா? நாப்பது நாட்டு வெளக்கு மந்திக்குளத்துல எண்ணெய்க்கு ஏங்குச்சுன்னா மானம் என்னத்துக்கு ஆகும்?"

அதனால் போட்டி இன்னும் முடியவில்லை. காலையானால் ஓடுகிறார்கள், தாண்டுகிறார்கள், பாயில் நீந்துகிறார்கள். வட்டு எறிய வந்த வெள்ளைக்காரர், "மாப்ள, சாப்டாச்சா?" என்று எல்லோரையும் விசாரிக்கிறார். ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது.

கொம்பையா தினமும் தீயில் எண்ணெய் ஊற்றிக்கொண்டே கத்துகிறார்:

"ஏ, கையெழுத்துப் போட்ட மகராசா! எல்லாம் உன்னால வந்த வென. நேர்ல வந்து இத அணைச்சு, எங்க பாலத்துக்கு ஒரு வழி பண்ணிட்டுப் போ! வரும்போது ரெண்டு டின் எண்ணெய் வாங்கிட்டு வா. இங்க தீரப்போவுது!"