யானை முட்டினால் ஈடு உண்டு

சங்குத்துறை என்றொரு துறைமுகப் பட்டினம். ஐப்பசி பிறந்தால் அந்த ஊருக்கு இரண்டு விருந்தாளிகள் தவறாமல் வருவார்கள். ஒருவர் தீபாவளி மாப்பிள்ளை. இன்னொருவர் புயல். மாப்பிள்ளையாவது தின்றுவிட்டுப் போவார். புயல் போகும்போது கூரையையும் எடுத்துக்கொண்டு போகும்.

ஆகவே அரசர் பரிதிமாறன் ஓர் ஏற்பாடு செய்திருந்தார். கலங்கரை விளக்கம், சுங்கச் சாவடி, ஊர்ச் சத்திரம் முதலிய பொதுக் கட்டடங்களுக்காக வணிகர் சங்கத்துக்கு ஆண்டுதோறும் ஒரு தொகை போகும். கட்டடம் சேதமானால் சங்கம் தன் செலவில் கட்டித் தரவேண்டும். இது காப்போலை. அதேபோல வணிகர்களின் கிடங்குகளை அரண்மனைக் காவலர் காப்பார்கள். சரக்கு பறிபோனால் அரசர் ஈடு கொடுப்பார். இது காவலோலை. இரண்டையும் புரட்டாசியில் ஒரே நாளில் புதுப்பிப்பார்கள்.

அதற்கு ஒரு முறை உண்டு. முதலில் விருந்து, பிறகு வாசிப்பு, பிறகு முத்திரை. உண்ட மயக்கம் தொண்டருக்கும் உண்டு என்பார்கள். சங்குத்துறையில் அது அமைச்சருக்கும் உண்டு. இரண்டு கிண்ணம் பாயசம் உள்ளே போனபின், வருடா வருடம் கேட்ட அதே ஓலைக்கு யார் காது கொடுப்பார்கள்?

கேட்டிருக்க வேண்டியவர் ஓலைநாயகம் கூத்தன். அரண்மனை ஓலைகளுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. சென்ற ஆண்டு அவரும் தூணில் சாய்ந்து கண்ணயர்ந்துவிட்டார். அடுத்த மாதமே புயல் சத்திரத்துக் கூரையைக் கடலில் கொண்டுபோய்ப் போட்டது. உள்ளே அடைக்கலம் புகுந்திருந்த மீனவர்கள் கைக்குழந்தைகளோடு விடிய விடிய நனைந்தார்கள்.

கூத்தன் ஓலையோடு வணிகர் தலைவர் உய்யவந்தானிடம் போனார்.

"கூரையா? யானை முட்டி விழுந்ததா?" என்று கேட்டார் உய்யவந்தான்.

"இல்லை."

"நெருப்பு? நிலநடுக்கம்?"

"புயல் ஐயா! ஊருக்கே தெரியுமே!"

"அடடா! யானை முட்டியிருந்தால் நாளைக்கே கட்டித் தந்திருப்பேன். கடைசி வரியைப் பாருங்கள், இந்த முறை புதிதாகச் சேர்த்தது. 'காற்றும் மழையும் நீங்கலாக.' கீழே இருப்பது தங்கள் முத்திரைதானே?"

கூத்தனுக்கு உடம்பெல்லாம் கூசிப் போயிற்று. தான் தூங்கிய தூக்கத்துக்கு அந்தக் குழந்தைகள் அல்லவா நனைந்தன! பதினோரு மாதம் ஓலைகள் போயின, வந்தன. கூரை மட்டும் வரவில்லை.

மறுபடியும் புரட்டாசி வந்தது. அரசர் கூத்தனை அழைத்தார்.

"ஐப்பசிக்குள் சத்திரத்துக்குக் கூரை வரவேண்டும். காப்போலைக்குள் புயல் வரவேண்டும். இரண்டில் எது வராவிட்டாலும், மாதம் முழுக்க நீர் குடும்பத்தோடு அந்தச் சத்திரத்தில்தான் குடியிருப்பீர்!"

புதுப்பிக்கும் நாளன்று கூத்தன் உய்யவந்தானிடம் கெஞ்சிப் பார்த்தார்.

"புயலடிக்கிற ஊரில் புயலுக்குக் காப்பு கொடுத்தால் எங்கள் பிழைப்பு என்னாவது? வேண்டுமானால் பனிப்பொழிவைச் சேர்த்துக்கொள்கிறேன்" என்றார் அவர், பெரிய மனதோடு.

"சரி, தங்கள் இஷ்டம். இலை போட்டாயிற்று, வாருங்கள்" என்றார் கூத்தன்.

அன்று விருந்து பிரமாதம். கூத்தன் மட்டும் மோரோடு நிறுத்திக்கொண்டார். பிறகு காவலோலையைத் தாலாட்டுப் பாடுகிற ராகத்தில் தாமே வாசித்தார். உய்யவந்தான் குறட்டைக்கு நடுவே தலையாட்டி, முத்திரையை அழுத்திவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் காலை கிடங்குக்கு வந்தவர் வாசலிலேயே திகைத்து நின்றார். காவலர் நால்வரும் கையில் அங்குசத்தோடு காட்டுப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கண்ணெதிரே ஒருவன் மிளகு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனான். ஒரு காவலன் எழுந்து அவனுக்கு வழியும் விட்டான்.

"திருடன்! பிடியுங்கள்!" என்று அலறினார் உய்யவந்தான்.

காவலன் மூட்டைக்காரனை ஏற இறங்கப் பார்த்தான். "யானை மாதிரி தெரியலையே ஐயா."

உய்யவந்தான் மேல்துண்டு விழுந்தது தெரியாமல் அரண்மனைக்கு ஓடினார். கூத்தன் காவலோலையின் கடைசி வரியை எல்லோர் முன்னிலையிலும் வாசித்தார்: "யானை, புலி, நெருப்பு முதலியவற்றிலிருந்து கிடங்குகள் காக்கப்படும். கள்வர் நீங்கலாக."

"இதென்ன அநியாயம்! கள்வனைப் பிடிக்காத காவல் எதற்கு? மழைக்கு ஆகாத குடையா?"

"அப்படிச் சொல்லுங்கள்!" என்றார் கூத்தன். "அந்தக் குடையின் கீழ்தான் சத்திரத்து ஜனங்கள் ஒரு வருடமாக நிற்கிறார்கள்."

சபை சிரித்தது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்!

"பயப்படாதீர்கள். மூட்டை தூக்கியவன் என் மைத்துனன். மூட்டை பத்திரமாக இருக்கிறது. அவன் இடுப்புதான் பிடித்துக்கொண்டது" என்றார் கூத்தன். "கள்வரைச் சேர்க்க நான் தயார். தாங்கள்?"

அன்றே, பாயசம் இல்லாமல், இரண்டு ஓலைகளும் புதிதாக எழுதப்பட்டன. காப்போலைக்குள் காற்றும் மழையும் வந்தன. சத்திரத்துக் கூரையைப் பதினைந்து நாளில் போட்டுத் தருவதாகவும் உய்யவந்தான் எழுதிக் கொடுத்தார். அரசர் விழுந்து விழுந்து சிரித்து, தம் பட்டுச் சால்வையைக் கூத்தனுக்குப் போர்த்தினார்.

உய்யவந்தான் பெருமூச்சு விட்டார். "உமக்கென்ன, சால்வை கிடைத்துவிட்டது. புயல் வரக்கூடாதென்று இனி நானல்லவா தினமும் சாமியைக் கும்பிடவேண்டும்?"

"அதற்காகத்தானே ஐயா இவ்வளவு பாடு!" என்றார் கூத்தன். "இத்தனை வருடமாகக் குடிசைக்காரர்கள்தான் கும்பிட்டுக்கொண்டிருக்கிறார்கள், புயல் நின்றபாடில்லை. தங்களைப் போல நாலு பெரிய மனிதர்களும் கும்பிட்டால், சாமி காதில் கொஞ்சம் விழாதா?"