போஸ்டர் தின்ற ஆட்டக்காரன்

மிருகங்களுக்குக் கால்பந்துப் பைத்தியம் பிடித்திருந்த காலத்தில், ஒரு வறண்ட ஆற்றின் கரையில் புழுதியூர் என்றோர் ஊர் இருந்தது. அந்த ஊர் அணிக்கு முதலாளி ஒரு பெருச்சாளி. பெயர் களஞ்சியநாதர். ஊரில் எத்தனை தானியக் கிடங்கு உண்டோ அத்தனைக்கும் அடியில் அவருக்கு வளை உண்டு. பந்தை அவர் ஒருநாளும் தொட்டதில்லை; பந்து அவரைவிடப் பெரியது. ஆனால் ஆட்டத்தைப் பற்றி அவர் பேச ஆரம்பித்தால் ஆடுகிறவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும்.

அந்த வருஷம் கோப்பையை எப்படியும் தூக்கிவிடுவது என்று அவர் வடக்கேயிருந்து குதிரைகளை வரவழைத்தார். எல்லாம் உயர்ந்த ஜாதிக் குதிரைகள். தினமும் வேகவைத்த கொள்ளு, மேலே வெல்லம், பிடரி மயிர் சீவிவிட ஆள், ஓடி முடித்ததும் போர்த்திக்கொள்ளக் கம்பளி. குதிரைகளின் தலைவன் சேனாபதி ஒரு கனைப்புக் கனைத்தால், அதற்கே பாதி ஊர் எழுந்து நிற்கும்.

பத்துக் குதிரைகளை வாங்கி முடித்த பிறகுதான், ஓர் அணிக்குப் பதினொரு பேர் வேண்டும் என்பது களஞ்சியநாதருக்கு ஞாபகம் வந்தது. இன்னொரு குதிரைக்குக் கொள்ளு அளக்க மனம் வரவில்லை. சலவைத் துறைக்கு ஆளனுப்பினார். அங்கே மூட்டை சுமக்கும் வேலை நின்றுபோய், நிழலுக்கு நிழல் மாறி நின்றுகொண்டிருந்த பொதியன் என்ற கழுதையைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

கூலி இன்னதென்று அன்றே பேசி முடிந்தது. ஊர்ச் சுவர்களில் காய்ந்துபோன போஸ்டர்கள் எத்தனையோ அத்தனையும் பொதியனுக்கு. கிழித்துத் தின்றுகொள்ளலாம். சுவர் சுத்தம் செய்யும் செலவும் முதலாளிக்கு மிச்சம். கொஞ்சம் தவிடாவது கிடைக்குமா என்று பொதியன் தயங்கித் தயங்கிக் கேட்டான். ஆட வருகிறவனுக்குத்தான் தவிடு என்றும், அவன் எண்ணிக்கைக்கு நிற்க வந்தவன் என்றும் களஞ்சியநாதர் பொறுமையாக விளக்கினார். அவர் எப்போதுமே பொறுமையானவர், அவருக்குப் பசித்ததில்லை.

சேனாபதிக்குக் கழுதை ஒன்று தன் அணியில் நிற்பது அவமானமாக இருந்தது. அணியின் படம் எடுத்த அன்று பொதியனைக் கம்பளிகளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஓரமாக அனுப்பிவிட்டான். பயிற்சியில் யாரும் அவன் பக்கம் பந்தைத் தள்ளவில்லை. எங்கே நிற்பது என்று பொதியன் கேட்டபோது, யார் கண்ணிலும் படாமல் நம்முடைய கோலுக்குப் பக்கத்தில் நில் என்றார்கள். எந்தப் பக்கம் பார்த்து நிற்பது என்று யாரும் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை.

முதல் ஆட்டம் காட்டுப்பன்றிகளோடு. குதிரைகள் அழகாக ஓடின. பிடரி மயிர் காற்றில் பறந்தது. பன்றிகளின் கோல் இருந்த அந்தக் கோடியில்தான் கூட்டம் உட்கார்ந்திருந்தது. ஆகவே குதிரைகள் அங்கேயே நின்றன. திரும்பி ஓடி வந்தால் கூட்டத்துக்கு வால்தானே தெரியும்? பன்றிகளுக்கு அந்தக் கவலை இல்லை. பந்தைப் பிடுங்கிக்கொண்டு புழுதியைக் கிளப்பியபடி இந்தக் கோடிக்கு வந்தன.

பொதியன் தன் கோலைப் பார்த்தபடி நின்றிருந்தான். பின்னால் ஏதோ திமுதிமுவென்று வரும் சத்தம் கேட்டது. கழுதைக்குப் பின்னால் எது வந்தாலும் கழுதை என்ன செய்யுமோ அதைத்தான் அவன் செய்தான். பந்து பன்றிகளின் தலைக்கு மேலே போயிற்று. குதிரைகளின் தலைக்கு மேலேயும் போயிற்று. அந்தக் கோடியில் இருந்த கோலுக்குள் போய் விழுந்தது.

நடுவராக இருந்த கொக்கு ஒற்றைக் காலில் நின்று யோசித்தது. எந்தப் பக்கம் திரும்பி நின்று உதைக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கும் இல்லை. கோல்தான் என்றது.

கூட்டம் கத்தியது. பொதியன் பயந்து கண்ணை மூடிக்கொண்டான். உதைத்தால் முதுகில் கம்பு விழும், அதுதான் அவன் பிறந்தது முதல் கண்ட வழக்கம். கம்பு விழவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தான். முயல்களும் ஆடுகளும் எழுந்து நின்று அவனைப் பார்த்துத்தான் கத்திக்கொண்டிருந்தன. அவனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. காதுகளை மட்டும் ஆட்டினான்.

மரத்தின் மேலிருந்து ஆட்டத்தை ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்த மைனா, காற்று பலமாக அடித்ததால் பந்து போய்விட்டது என்றது. அடுத்த ஆட்டத்தில் பொதியன் மறுபடி கோல் போட்டான். அன்றும் காற்றுத்தான் என்றது. அதற்கடுத்த ஆட்டத்தில் மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. மைனா கொஞ்ச நேரம் விளம்பரம் சொல்லிக்கொண்டிருந்தது.

காற்றும் இல்லை, அதிர்ஷ்டமும் இல்லை. பொதியன் தினமும் விடியற்காலையில், குதிரைகளுக்குப் பிடரி சீவிக்கொண்டிருக்கும் நேரத்தில், தனியாக மைதானத்துக்கு வந்து உதைத்துப் பழகினான். பின்னால் வரும் பந்தைக் காதாலேயே பார்க்கக் கற்றுக்கொண்டான். சத்தத்தை வைத்தே பந்து எவ்வளவு உயரத்தில் வருகிறது, எந்தக் காலுக்கு வருகிறது என்று தெரிந்துவிடும். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அவனுக்கு அந்த ஆரவாரம் இன்னொரு முறை வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அந்தப் பருவம் முழுக்கப் புழுதியூர் ஜெயித்தது. 'நம்ம பொதியன்' என்று சொல்லிக்கொள்ளாதவர்கள் ஊரில் இல்லை. களஞ்சியநாதர் பொதியன் படம் போட்ட போஸ்டர் அடித்து ஊரெல்லாம் ஒட்டினார். வெயிலில் அவை காய்ந்ததும் கூலியாகப் பொதியனிடமே வந்தன.

தன் முகம் போட்ட போஸ்டரை முதல் தடவை பார்த்தபோது பொதியன் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். தன்னை இவ்வளவு பெரிதாக அவன் பார்த்ததேயில்லை. ஓரங்களை மட்டும் தின்றுவிட்டு முகத்தைச் சுவரில் விட்டுவைத்தான். அது ஒருநாள்தான் நடந்தது. மறுநாள் பசி தாங்கவில்லை. முகத்தையும் தின்றான். பசை கொஞ்சம் புளித்திருந்தது.

ஊரில் ஒரு விருந்து நடந்தது. பொதியனைப் பாராட்ட என்றுதான் பெயர். சுற்றுப்பட்டு அணிகளின் முதலாளிகள் எல்லோரும் வந்தார்கள். வந்தவர்கள் களஞ்சியநாதரின் கையைக் குலுக்கிக் குலுக்கி விட்டார்கள். சலவைத் துறையில் கிடந்ததைக் கண்டெடுத்த அந்தக் கண்ணுக்குக் கோயில் கட்டலாம் என்றது ஒரு முதலை. களஞ்சியநாதர் எழுந்து, குறைந்த தீனியில் நிறைந்த வெற்றி காண்பது எப்படி என்று நெடுநேரம் பேசினார். பொதியனைப் பக்கத்தில் நிறுத்தி, இளைத்துப்போன அவன் விலாவை ஒரு குச்சியால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். ஒவ்வொரு எலும்புக்கும் சபையில் கைதட்டல் எழுந்தது. விருந்தில் பொதியனுக்கு இலை போடவில்லை. மேடையில் நிற்பவன் எப்படிச் சாப்பிடுவான்?

மறுநாள் பொதியன் துணிந்து தீவனத் தொட்டிக்குப் போனான். குதிரைகள் கொள்ளுத் தின்றுகொண்டிருந்தன. களஞ்சியநாதர் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதலாளி, எனக்கும் ஒரு படி கொள்ளு போடணும்," என்றான் பொதியன். "கால்ல முன்ன மாதிரி வலு இல்லீங்க."

குதிரைகளில் ஒன்று சிரித்தது. உடனே மற்றவையும் சிரித்தன. களஞ்சியநாதர் சிரிக்கவில்லை. பொதியனை அருகே கூப்பிட்டு மெல்லிய குரலில் சொன்னார்:

"பொதியா, உன் நல்லதுக்குச் சொல்றேன். ஊரு உன்னை எதுக்குக் கொண்டாடுது? காகிதத்தைத் தின்னுட்டு கோல் போடுறியே, அதுக்குத்தான். நாளைக்கு நீயும் கொள்ளுத் தின்னுட்டு கோல் போட்டா அதுல என்ன அதிசயம் இருக்கு? நீயும் ஒரு குதிரை ஆயிடுவே. பார்க்க லட்சணமில்லாத குதிரை. உன் மதிப்பை நீயே கெடுத்துக்காதே."

கொள்ளு வாசனை மூக்கில் ஏற, பொதியன் திரும்பி நடந்தான். அவர் சொன்னதில் எங்கேயோ தவறு இருக்கிறது என்று மட்டும் வயிறு சொன்னது. எங்கே என்று வயிற்றுக்கும் சொல்லத் தெரியவில்லை.

தவறு எங்கே என்பது கோப்பைக்கான கடைசி ஆட்டம் நெருங்கியபோது குதிரைகளுக்குத் தெரிந்தது. ஒருநாள் காலை அவை தொட்டிக்கு வந்து பார்த்தால், கொள்ளு இருக்க வேண்டிய இடத்தில் காய்ந்த போஸ்டர்கள் கிடந்தன. களஞ்சியநாதர் கணக்குப் பார்த்திருந்தார். கோல் போடுகிறவன் காகிதம் தின்கிறான். கோல் போடாதவர்கள் கொள்ளுத் தின்கிறார்கள். இது எந்த ஊர் நியாயம் என்று அவர் குதிரைகளைக் கேட்டார். சுற்றுப்பட்டு அணிகளிலும் அந்த வாரமே தொட்டிகளில் போஸ்டர் விழத் தொடங்கிவிட்டது என்று செய்தி வந்தது. விருந்துக்கு வந்த முதலாளிகள் பேச்சைக் கவனமாகத்தான் கேட்டிருந்தார்கள்.

குதிரைகளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. முதலாளியிடம் கோபப்படத் தைரியம் இல்லை. ஆகவே பொதியனிடம் வந்தன.

"எல்லாம் உன்னாலதான்," என்றான் சேனாபதி. "கொடுத்ததைத் தின்னுட்டு வாயை மூடிக்கிட்டு இருந்தே. எங்க சோத்துல மண் விழுந்தது. நீ அன்னைக்கே கொள்ளு கேட்டிருக்கணும்."

"கேட்டேன்," என்றான் பொதியன். "நீங்க சிரிச்சீங்க."

சேனாபதி குரலைத் தாழ்த்திக்கொண்டு, நடந்தது நடந்துவிட்டது, கடைசி ஆட்டத்தில் பொதியன் இல்லாமல் முதலாளியால் ஒன்றும் செய்ய முடியாது, கொள்ளு வந்தால்தான் மைதானத்தில் கால் வைப்பேன் என்று பொதியன் சொல்லிவிட வேண்டும் என்றான். எல்லாருக்கும் கொள்ளு என்று கேட்க வேண்டும். தாங்கள் அத்தனை பேரும் அவன் பின்னால் நிற்பதாக வாக்குக் கொடுத்தான். கழுதையின் பின்னால் நிற்பதாக ஒருவர் வாக்குக் கொடுத்தால் அதை நம்பக்கூடாது என்று பொதியனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. முதல் முறையாக அவர்கள் அவனைத் தங்களில் ஒருவனாக நினைத்துப் பேசியிருந்தார்கள்.

கடைசி ஆட்டத்தன்று பொதியன் மைதானத்து வாசலில் நின்றுகொண்டு, கொள்ளு வராமல் உள்ளே வரமாட்டேன் என்று களஞ்சியநாதரிடம் சொன்னான். களஞ்சியநாதர் அவனோடு வாதாடவில்லை. நேராகத் தொட்டிக்குப் போய், போஸ்டர்களின் மேல் இரண்டு கை தவிட்டைத் தூவிவிட்டு வந்தார். குதிரைகள் மோந்து பார்த்தன. வெறும் காகிதத்துக்கு அது எவ்வளவோ மேல். தின்றுவிட்டு வரிசையாக மைதானத்துக்குள் போயின. சேனாபதி வாசலைக் கடக்கும்போது பிடரியில் ஏதோ சிக்கியதுபோல் தலையைத் திருப்பிக்கொண்டான்.

பதினோராவது ஆளாகச் சலவைத் துறையிலிருந்து இன்னொரு கழுதையைக் கொண்டுவந்து, பொதியனைப் போலவே கோலைப் பார்க்கத் திருப்பி நிறுத்தினார்கள். எதிரே ஆடியவை ஆற்றுக்கு அக்கரை எருமைகள். அவற்றுக்கு முதலாளி கிடையாது. இருக்கிற வைக்கோலைப் பங்கு போட்டுத் தின்றுவிட்டு ஆட வருகிறவை. பந்தைத் தள்ளிக்கொண்டு அவை வந்தபோது, புதிதாக வந்த கழுதை மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டது. அது நிற்கத்தானே வந்தது?

பொதியன் வாசலுக்கு வெளியே நின்று சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். பந்து உதைபடும் சத்தம் வரும்போதெல்லாம் அவன் பின்னங்கால் தானாக எழுந்து எழுந்து அடங்கியது. உள்ளே ஓடிவிடலாமா என்று பலமுறை நினைத்தான். ஓடினால் ஜெயிக்கலாம் என்றும் தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

புழுதியூர் படுதோல்வி அடைந்தது. ஆட்டம் முடிந்து கூட்டம் வாசல் வழியாக வெளியே வந்தது. தோற்ற குதிரைகளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பாவம், வடக்கேயிருந்து வந்த பிள்ளைகள், நம்ம ஊர்த் தண்ணி ஒத்துக்கொள்ளவில்லை என்று முயல்கள் வருத்தப்பட்டன. களஞ்சியநாதரையும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் போட்ட பணமெல்லாம் போயிற்றே என்று ஆடுகள் உச்சுக்கொட்டின. பிறகு எல்லோருமாக வாசலில் நின்ற பொதியன் பக்கம் திரும்பினார்கள். கொஞ்சம் புகழ் வந்ததும் தலைக்கனம் வந்துவிட்டது என்றார்கள். ஊர் போஸ்டரைத் தின்று வளர்ந்த உடம்பு என்றார்கள். தீனி ஆசை யாரை விட்டது என்றார்கள். அவன் படத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருந்த ஒரு குரங்கு அதைக் கழற்றி அவன் மேலேயே எறிந்தது.

பொதியன் ஆற்று மணலில் இறங்கி அக்கரைப் பக்கம் நடந்தான். கோப்பையைச் சுமந்துகொண்டு முன்னால் போன எருமைகளில் ஒன்று திரும்பிப் பார்த்து, கொள்ளெல்லாம் கிடையாது, வைக்கோல் என்றால் பங்கு உண்டு, வருகிறாயா என்று கேட்டது. வருகிறேன் என்றான்.

பின்னால் கரையிலிருந்து ஊர் மொத்தமும் "கழுதை, கழுதை" என்று கத்திக்கொண்டிருந்தது. ஒரு பருவம் முழுக்க அவன் கோல் போட்டபோதெல்லாம் யாருக்கும் தோன்றாத அந்த விஷயம், ஒரு படி கொள்ளு கேட்ட பிறகுதான் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது.