உத்தரவைத் தின்ற ஆடு

பாதையை அடைத்த வேலியைத் தொடக் கூடாது என்று கோர்ட்டு போட்ட உத்தரவை மீறி, வேலியைப் பிரித்துவிட்டாளாம் வேலாத்தா. அவமதிப்பு வழக்கு. தோற்றால் ஜெயில்; இடுப்பில் பால்குடிப் பிள்ளை வேறு.

"உத்தரவை இந்தம்மா கையிலேயே கொடுத்தேன்," என்று மீசையை நீவிக்கொண்டு சத்தியம் பண்ணினார், கோர்ட்டு உத்தரவுகளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் அமீனா.

"நீ என்னம்மா சொல்றே?" என்றார் நீதிபதி.

வேலாத்தா மடியிலிருந்து முத்திரை மட்டும் மிஞ்சிய காகிதத் துண்டை எடுத்தாள். "எங்க ஆடு தின்னது போக மிச்சமுங்க. நேத்துத்தான் கதவோரம் கிடைச்சுது. கையில கொடுக்கிற காகிதத்துக்குப் பின்னால எதுக்குங்க மைதாப் பசை?"

பூட்டிய கதவில் ஒட்டிவிட்டு வந்ததை அமீனா ஒப்புக்கொண்டார்.

"தெரிஞ்சே மீறினதாச் சந்தேகமில்லாம நிரூபிக்கலை. தள்ளுபடி," என்றார் நீதிபதி.

"ஆட்டையும் விட்டுருங்க சாமி. உத்தரவு அதுக்குத்தான் கிடைச்சுது. ஆனா வேலிப் பக்கமே அது போகலீங்க."