திரும்பாதவர்கள்

கடலிலிருந்து ஏறிய மூடுபனியில் பட்டினம் பாதி கரைந்துபோயிருந்த ஒரு காலையில், சாத்தப்பன் வெகுநாளாக மனத்தில் கிடந்ததைத் தன் குருவிடம் கேட்டுவிட்டான். குரு நங்கையம்மை அவனைவிட வயதில் இளையவர். ஊருக்கு வெளியே மணல்மேட்டில் அவருடைய மடம்.

"இந்த ஊருக்கு ஏன் அம்மா இத்தனை கர்வம்? கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டேன் என்கிறார்கள்."

"யார் திரும்பவில்லை?"



"என் மனைவி உமையாள். ஒன்று கேட்டால் வேறொன்று சொல்வாள். ஒருநாள் கோபம் முற்றிவிட்டது. 'நான் போகிறேன், இருக்கச் சொன்னால் இருக்கிறேன்' என்று வாசலில் நின்று சொன்னேன். முதுகைக் காட்டியபடி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை. அப்படியே இந்த மடத்துக்கு வந்துவிட்டேன்."

குரு மடத்தின் வெண்கலச் சேகண்டியையும் கோலையும் எடுத்து அவனிடம் கொடுத்தார்.

"வாருங்கள். முதுகு தெரிகிற இடத்திலெல்லாம் இதை அடியுங்கள்."

தெருக்கள் நீருக்கடியில் கிடப்பவைபோல் இருந்தன. மனிதர்கள் பனியிலிருந்து வந்து பனிக்குள்ளேயே போனார்கள். சாத்தப்பன் ஒருவன் பின்னால் போய்ச் சேகண்டியை அடித்தான். அவன் துள்ளித் திரும்பினான்.

"அறிவிருக்காய்யா? காதுகிட்ட வந்து அடிக்கிறீரே!"

அடுத்தவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. சாத்தப்பன் ஓங்கி அடித்தான். அவர் விரல்கள் முடிச்சின் மேல் முடிச்சாகப் போட்டுக்கொண்டே இருந்தன.

கன்னார் தெருவில் செம்பு தட்டுகிறவர்களில் பலர் திரும்பவில்லை. கோட்டை வாசலில் நின்ற காவலன் திரும்பவில்லை. தானியக் கடைக்காரர் திரும்பவில்லை. குரு அவர் எதிரே போய் நின்று கேட்டார்:

"உங்களுக்குக் காது கேட்குமா?"

அவர் குருவின் உதட்டையே பார்த்தார். "நல்லாக் கேட்குமே" என்றார்.

குரு முகத்தைத் திருப்பிக்கொண்டு பயறு என்ன விலை என்றார். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

அடுத்த தெருவில் ஓர் இளம்பெண் முதுகு காட்டி மாவு சலித்துக்கொண்டிருந்தாள். பின்னால் தூளியில் குழந்தை வீறிட்டது. சேகண்டியும் முழங்கியது. அவள் அசையவில்லை. குழந்தை உதைத்தபோது, தூளியிலிருந்து அவள் மணிக்கட்டுக்குப் போன கயிறு இழுபட்டது. சல்லடையைப் போட்டுவிட்டு ஓடினாள்.

சாத்தப்பன் கோலைத் தாழ்த்திவிட்டான்.

"தெருவுக்குத் தெரு இருக்கிறார்களே அம்மா! ஒருவர்கூடச் சொன்னதில்லையே."

"சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?"

"சிரித்திருப்பேன்."

இருவரும் நடந்தார்கள். சாத்தப்பன் தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னான்:

"நான் பேசும்போதெல்லாம் உமையாள் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். புதிதில், ஆசை என்று நினைத்தேன். பிறகு, சந்தேகப்படுகிறாள் என்று நினைத்தேன்."

தெருவோரத்தில் உட்கார்ந்துவிட்டான். பனி மெல்ல விலகிக்கொண்டிருந்தது.

"எந்த வார்த்தையைச் சொல்லி அவளிடம் மன்னிப்புக் கேட்பேன் அம்மா?"

குரு குனிந்து அவன் கையிலிருந்த சேகண்டியை வாங்கிக்கொண்டார்.

"இருட்டுவதற்குள் போய்ச் சேருங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழுகிற இடமாகப் பார்த்து நில்லுங்கள்."