ஏழாவது பங்கு

சமையலறைச் சுவருக்கு அப்பாலிருந்து ஒரு சத்தம் வந்தது. இருட்டி வெகுநேரம் ஆகவில்லை. தாழ்ந்த, நீண்ட சத்தம். காதில் பாதியும் பாதத்தில் பாதியுமாகக் கேட்டது.

"டீ ஃபேக்டரி மிஷினா டீச்சர்?" என்றார் தனிஸ்லாஸ்.

"இல்ல. நீங்க வந்த விஷயத்தைச் சொல்லுங்க சார்."

"மார்க்கெட் விழுதே. எதை விற்கட்டும்?"

தனிஸ்லாஸ் மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஜெனிட்டா டீச்சர் இந்த மலை எஸ்டேட்டின் பள்ளியில் கணக்குப் பாடம் நடத்துபவர். சனிக்கிழமைதோறும் போன் வழியாகப் பங்குச் சந்தைப் பாடமும் எடுப்பார். காசு வாங்கமாட்டார்.

இரண்டு வருஷமாகக் கேட்ட குரலை இன்றுதான் நேரில் பார்த்தார் தனிஸ்லாஸ். நரைத்த தலையை எதிர்பார்த்து வந்தவருக்குக் கதவைத் திறந்தது, தோளில் கைக்குழந்தை தூங்கும் ஒரு சின்னப் பெண். அவருடைய மூத்த மகளைவிட இளையவள்.

வெறுங்கையோடு வரக்கூடாது என்று பொள்ளாச்சிச் சந்தையில் ஒரு பலாப்பழம் வாங்கி வந்திருந்தார். நன்றாகப் பழுத்தது. வீடு முழுக்க மணந்தது.

"எத்தனை கம்பெனி வச்சிருக்கீங்க?"

"ஆறு. எல்லாம் வளர்ற கம்பெனி. நீங்க சொன்ன மாதிரி ஒவ்வொண்ணையும் படிச்சுட்டுத்தான் வாங்கினேன்."

"வியாபாரம் குறைஞ்சிருக்கா?"

"இல்ல. போன காலாண்டிலகூட கூடித்தான் இருக்கு. விலைதான் தினமும் இறங்குது."

"அந்தப் பணம் உங்களுக்கு எப்ப வேணும்?"

"இப்போதைக்கு வேண்டாம்."

"அப்புறம் எதுக்கு விற்கணும்?"

தனிஸ்லாஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார்.

"ஏழாவதா ஒண்ணு இருக்கு."

டீச்சர் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"பேட்டரி கம்பெனி. பறக்கப்போகுதுன்னாங்க. புரோக்கரே கடன் கொடுத்தான். இறங்க இறங்க இன்னும் கொஞ்சம் வாங்கினேன். இப்ப பாதி விலை."

"சனிக்கிழமை இதைச் சொல்லவே இல்லையே."

"சொன்னா வேண்டாம்பீங்க."

"சரி."

"நாளைக்குக் காலையில நான் பணம் போடணும். போடலைன்னா புரோக்கர் அந்தப் பங்கை அவனே வித்துக்குவான். கடன் அடையும். எனக்கு மிச்சம் ஒண்ணும் நிக்காது. அதான், ஆறுல ஒண்ணை வித்து ஏழாவதைக் காப்பாத்தலாம்னு பார்க்கிறேன். மருந்து கம்பெனியை விக்கவா, சாஃப்ட்வேரை விக்கவா? நீங்க ஒண்ணைச் சொல்லுங்க, கிளம்பறேன்."

"நாளன்னைக்கும் இறங்கினா?"

"இன்னொண்ணு."

"அதுக்கப்புறம்?"

தனிஸ்லாஸ் விரல்களை மடக்கி ஆறு வரை எண்ணினார். ஆறும் ரோசாலியின் பணம். அவர் மனைவி. ஆஸ்பத்திரியில் ஆயுசு முழுக்க நைட் டூட்டி பார்த்து வாங்கிய ஓய்வுப் பணத்தை, 'நீங்க பார்த்துக்குவீங்க' என்று அவர் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காதவள். ஏழாவதைப் பற்றி அவளுக்குத் தெரியாது.

மறுபடி அந்தச் சத்தம். இம்முறை சமையலறைத் தகரம் அதிர்ந்தது.

டீச்சர் எழுந்து விளக்கை அணைத்தார்.

"பெரியவர் வந்திருக்கார்," என்றார் மெதுவாக.

"உங்க மாமனாரா?"

"யானை, சார்."

தனிஸ்லாஸ் நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தார்.

"வர்ற வழியில கம்பத்தில சிவப்பு விளக்கு எரிஞ்சிருக்குமே. யானை நடமாட்டம்னா போடுவாங்க."

"பார்த்தேன். செல்போன் டவர்னு நினைச்சேன்."

"சனிக்கிழமை மட்டும் படிக்கிற மாணவர்தான்," என்றார் டீச்சர்.

"ஓடிடலாமா?"

"ஓடினவங்களைத்தான் இங்க காலையில தேடுவாங்க."

"கதவைத் தாழ் போடறேன்."

"போடலாம். பழம் உள்ள இருக்கே?"

இருட்டில் தனிஸ்லாஸ் தன் மடியைத் தடவினார். பழத்தை எப்போது எடுத்து வைத்துக்கொண்டார் என்று அவருக்கே தெரியவில்லை. முள் தொடையில் குத்தியது.

"நாங்க இந்த மாசத்தில வீட்டுக்குள்ள பலா வைக்கிறதில்ல. அரிசி, உப்புகூட கொஞ்சமாத்தான் வாங்குவோம். வாசனை பிடிச்சுட்டா, பெரியவருக்குக் கதவு தேவையில்ல. சுவர் போதும்."

சொல்லி முடிப்பதற்குள் சுவரில் ஏதோ உரசியது. காரை பெயர்ந்து பாத்திரங்களின்மேல் கொட்டியது.

"பரண்மேல ஏத்திடவா?"

"அவர் மூக்கு பரண்வரைக்கும் வரும்."

"சாக்கைப் போட்டு மூடினா?"

டீச்சர் குழந்தையின் போர்வையை இழுத்து மூடினார்.

"போர்வை இருக்கா? ரெண்டு போர்வை?"

"சார், என் பிள்ளையோட போர்வையைக் கேக்கறீங்க."

தனிஸ்லாஸ் இரண்டு கையாலும் பழத்தைப் பொத்தினார்.

"கொண்டை ஊசி வளைவு முழுக்க மடியிலேயே வச்சுக்கிட்டு வந்தேன் டீச்சர். பஸ்ல ஒருத்தன் வாந்தி எடுத்தான். அப்பக்கூட விடல."

"தெரியுது."

"முழுப் பழம். ஒரு சுளைகூட எடுக்கல."

"தெரியுது சார்."

"உங்களுக்குப் பயமே இல்லையா?"

"பயந்தான். வீட்டுக்காரர் ஊர்ல இல்ல. தோள்ல பிள்ளை இருக்கு. பயமில்லாம இருக்குமா?"

குரலில் ஒன்றும் தெரியவில்லை. முதுகைத் தட்டும் கை மட்டும் இப்போது வேகமாகத் தட்டியது.

"முன்வாசல்ல இருந்து கீழே தேயிலைவரைக்கும் ஒரே இறக்கம்," என்றார் டீச்சர். "பெரியவர் பின்பக்கம் நிக்கிறார்."

அவ்வளவுதான் சொன்னார்.

சுவர் இன்னொரு முறை அதிர்ந்தது. குழந்தை தூக்கத்தில் சிணுங்கியது.

தனிஸ்லாஸ் எழுந்தார். முன்கதவைத் திறந்தார். வெளியே பனி. அதற்கப்பால் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரிந்தது.

பழத்தை இரண்டு கையாலும் தூக்கினார். ஒரு கணம் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தார்.

பிறகு உருட்டிவிட்டார்.

படியில் ஒரு தடவை மோதியது. அப்புறம் சரசரவென்று செடிகளுக்குள் போய்க்கொண்டே இருந்தது. எங்கோ கீழே நின்றது.

பின்பக்கச் சுவரில் உரசல் நின்றது.

அத்தனை பெரிய உடம்பு வீட்டைச் சுற்றிக்கொண்டு போனது. காலடிச் சத்தம் கேட்கவில்லை. ஒரு மூச்சு மட்டும் கேட்டது. கொஞ்சநேரத்தில் கீழேயிருந்து, ஒரே மிதியில் பழம் பிளக்கும் ஓசை வந்தது.

தனிஸ்லாஸ் திறந்த கதவைப் பிடித்தபடி அங்கேயே நின்றார். கையெல்லாம் பலாப்பால் பிசுபிசுத்தது.

"உங்க கேள்வி பாக்கி இருக்கு சார்," என்றார் டீச்சர் பின்னாலிருந்து. "காலையில புரோக்கர்கிட்ட என்ன சொல்லப்போறீங்க?"

"ஏழாவதை எடுத்துக்கிட்டுப் போகட்டும்."

அவர் கதவைச் சாத்தி, உள்ளே தாழிட்டார்.