மயில் பெருக்கிய புல்மேடு

ஒரு காட்டில் மினுக்கன் என்றொரு மயில் இருந்தது. அதன் தோகை எவ்வளவு நீளம் தெரியுமா, பிள்ளைகளே? தலை ஓடையில் தண்ணீர் குடிக்கும்போது தோகையின் நுனி புதருக்குள் இன்னும் தூங்கிக்கொண்டிருக்கும். நம்பாதவர்கள் போய் அளந்து பார்க்கலாம்.

தான் ஆடும் புல்மேட்டில் ஒரு சருகு விழுந்தாலும் மினுக்கனுக்குப் பொறுக்காது. தோகையால் சர்ரென்று பெருக்கித் தள்ளிவிடும். மேட்டோரம் சருகு யானை உயரத்துக்குக் குவிந்துவிட்டது.

அந்த மேட்டை நம்பித்தான் துடுக்கி என்ற முயல் பிழைத்தது. இப்போது அதன் வயிற்றில் குட்டிகள் வேறு. போன வருஷம் பச்சைப்பசேலென்று கிடந்த மேடு, இந்த வருஷம் கீறினால் புழுதி. குவியலுக்கு அடியிலும் புல் வெளுத்து நூலாய்க் கிடந்தது. ஓடைக்கு அக்கரையில் புல் உண்டு. ஆனால் புல்லைவிட நரிகள் அதிகம்.

'குட்டிகளை வைத்துக்கொண்டு எங்கே போவேன்?' என்று துடுக்கி மேட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஓரிடத்தில் அதன் மூக்கு நின்றது. குவியலிலிருந்து காற்று கொஞ்சம் சருகை உருட்டிப் பரப்பிய இடம் அது. அங்கே மட்டும் மண் ஈரமாய், கறுப்பாய் இருந்தது. சருகின் இடுக்கில் பசும்புல் எட்டிப் பார்த்தது!

துடுக்கி மயிலிடம் ஓடியது. "மயிலண்ணே, அந்தச் சருகை மேடு முழுக்கப் பரப்பிவிடுங்களேன். மண்ணுக்கும் சாப்பாடு வேண்டாமா?"

"குப்பையையா? நான் ஆடும் இடத்திலா? கால் வைத்தாலே சரசரவென்று மானத்தை வாங்கும். போ, போ!"

"உங்களுக்கே இப்போது புழு பூச்சி அகப்படுவதில்லையாமே?"

"அது... அது வந்து... நான் விரதம்!"

துடுக்கி நேரே காட்டுப்பன்றி கிண்டானிடம் போனது. கிண்டான் முதலில் கிண்டும், பிறகும் யோசிக்காது.

"மாமா, அந்த மயில் யானை உயரத்துக்கு எதையோ மூடி வைத்திருக்கிறது. கிட்டே போனால் விரட்டுகிறது. அடியில் கிழங்கோ என்னவோ, எனக்கென்ன தெரியும்?"

கிழங்கு என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், கிண்டான் குவியலுக்குள் பாய்ந்துவிட்டது. சருகு பறந்த பறப்பில் மேகமே சற்று ஒதுங்கி நின்றதாம்! மேடு முழுக்கச் சருகு மெத்தை.

"கிழங்கைக் காணோம். ஆனால் புழு ஒவ்வொன்றும் பாம்பு மாதிரி, மருமகளே!" என்று கிண்டான் ஏப்பம் விட்டது.

மினுக்கன் அலறிக்கொண்டு பெருக்க ஓடி வந்தது. அதற்குள் மழை கொட்டியது. சருகு மண்ணோடு ஒட்டிக்கொண்டது. நனைந்த தோகையைத் தூக்கவே முடியவில்லை.

"ஐயோ, என் மேடு போச்சே!"

போகவில்லை. நாளடைவில் சருகு மக்கி மண்ணுக்குள் இறங்கியது. துடுக்கியின் காது மறையும் உயரத்துக்குப் புல் எழுந்தது. புதிதாய்ப் பிறந்த குட்டிகள் அந்தப் புல்லுக்குள் ஒளிந்து விளையாடின. சருகைச் சீய்த்தால் போதும், புழுவும் பூச்சியும் நெளிந்தன. மினுக்கனின் விரதம் அதோடு முடிந்தது.

வயிறு நிறைந்தால் மயிலின் கால் சும்மா இருக்குமா? தோகையை விரித்தது. புதிதாய் உதிர்ந்த இலைகள் காலடியில் சரசரத்தன.

"பெருக்கித் தள்ளட்டுமா, மயிலண்ணே?" என்று துடுக்கி கண்ணைச் சிமிட்டியது.

"தொடாதே! தாளம் போடுகிறது, கேட்கவில்லையா?"

நீதி: உதிர்ந்ததைக் குப்பை என்று ஒதுக்காதே, ஓரிடத்தில் குவித்தால் மூச்சை அடைக்கும், பரப்பிவிட்டால் பசியைத் தீர்க்கும்.